காவலர் மீதான புகார் யார் மேசைக்குப் போக வேண்டும்?

1854ஆம் ஆண்டு ஜூலையில் லண்டன் மக்களவையில் சென்னை மாகாணத்தைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. நிலவரி கட்டாத குடியானவர்களை அரசு ஊழியர்களே சித்திரவதை செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட குழு சென்னையில் அமைக்கப்பட்டது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, விரல்களை நெரிக்கும் கிட்டியையும், உடலை வளைத்துக் கட்டி நிறுத்திவைக்கும் அண்ணாந்தாளையும் பெயர் சொல்லிப் பதிவு செய்தது. இரண்டு ஆண்டு கழித்துக் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை வைத்து நியூயார்க் நாளிதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். சித்திரவதை நடப்பது உண்மை என்று தெரியவந்ததைவிட, அடிபட்டவர்கள் முறையிட்டு நீதி பெறுவது அவ்வளவு கடினமாக இருந்ததுதான் தங்களை அதிகம் வருத்தியது என்று குழுவினர் எழுதியிருந்தார்கள். அறிக்கை முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப்படுவது இந்த இடம்.

நீதி பெறுவது அப்படிக் கடினமானதற்குக் காரணம் அன்றைய நிர்வாக அமைப்பிலேயே இருந்தது. வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் என்ற ஒரே மனிதரிடம் இருந்தன. அவர் மீது குறை சொல்ல வேண்டுமானால் கலெக்டரிடம் போக வேண்டும். கலெக்டருக்கோ வரி வந்து சேர வேண்டும்; அதைக் கொண்டுவந்து சேர்ப்பவர் அதே தாசில்தார். பல நாள் நடந்து கச்சேரியை அடைந்து கொடுத்த மனு, விசாரிக்கச் சொல்லி அந்தத் தாசில்தாருக்கே திரும்பி வரக்கூடும்.

இந்த அறிக்கைக்குப் பிறகு போலீஸ் வேலையை வருவாய்த் துறையிலிருந்து பிரித்து 1859இல் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. 1861இல் நாடு முழுமைக்கும் இன்னொரு சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது. வாக்குமூலத்தை அடித்து வாங்குவார்கள் என்று அரசே ஒப்புக்கொண்ட சட்டப்பிரிவு அது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே தொடர்கிறது. ஆனால் அடிபட்டவர் யாரிடம் போவது என்பதற்கு இந்தச் சட்டங்கள் எதிலும் பதில் இல்லை. மாறாக, 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, கடமையின்போது செய்த செயலுக்காகக் காவலர் மீது வழக்குப் போடுவதென்றால் மூன்று மாதத்துக்குள் போட வேண்டும் என்று கெடு வைத்தது. சந்தேகத்தின் பேரில் பிடித்துவந்த ஒருவரை அடித்துத் துன்புறுத்திய வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டிக் காவலர்களை விடுவித்தது. கைதியை அடிப்பதற்கும் காவலரின் கடமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்ல அறுபதுகளில் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இன்றைக்கு வருவோம். தமிழ்நாடு காவல் (சீர்திருத்தங்கள்) சட்டம் 2013இல் நிறைவேறியது. காவலர் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று ஆணையங்களை அது ஏற்படுத்தியது. மாவட்ட ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். உறுப்பினர்கள் காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும். மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். ஒன்றரை நூற்றாண்டு கழித்து மனு மறுபடியும் கலெக்டரின் மேசைக்குத்தான் போகிறது. இப்போது பக்கத்து நாற்காலியில் எஸ்.பி.யும் இருக்கிறார்.

தலைவர் பதவியில் நீதிபதி இருக்க வேண்டுமா, ஆட்சியர் இருக்கலாமா என்பதைச் சுற்றியே நம் விவாதம் பெரும்பாலும் நடக்கிறது. அது அவசியமான விவாதம்தான். ஆனால் சம்பவம் நடந்த முதல் சில மணி நேரத்தில் சாட்சியம் யார் வசம் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சொந்தமாக விசாரணையாளர்கள் இல்லாத ஆணையத்தின் தலைமையில் எவ்வளவு நேர்மையான நீதிபதியை அமர்த்தினாலும், அவர் படிக்கப்போவது காவல்துறை எழுதிய காகிதத்தைத்தான்.

இப்போதிருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது விளங்கும். மிகச் சாதாரணமான வழி எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுப்பது. மனுவுக்கு ஓர் எண் விழும். பிறகு அது டி.எஸ்.பி.க்கும், அவரிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கும் இறங்கிவரும். கடைசியில் புகார்தாரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘எங்க மேலயே பெட்டிஷன் போட்டீங்களா?’ என்று கேட்பவர் புகாருக்கு உள்ளான நிலையத்திலேயே இருப்பார். கூலி வேலைக்குப் போகிறவரும், ஊரில் ஒதுக்கிவைக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவரும், பழைய வழக்கு ஒன்றில் பெயர் உள்ளவரும் அந்த அழைப்போடு ஓய்ந்துவிடுகிறார்கள். எண்ணிக்கையில் இப்படி ஓய்ந்துபோகும் புகார்களே அதிகமாக இருக்கும் என்பது என் கணிப்பு. வசவு, அறை, பொய் வழக்கு மிரட்டல், கட்டப் பஞ்சாயத்து, சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தராமல் அலைக்கழிப்பது எல்லாம் இந்த வகை. செய்தித்தாளுக்கு வராதவை இவை.

அடுத்தது ஆர்.டி.ஓ. விசாரணை. காவல்துறைக்கு வெளியே உள்ளவர் விசாரிக்கிறார் என்பதால் இதற்கு ஒரு மதிப்பு இருந்தது. ஆனால் கோட்டாட்சியர் தம் அன்றாட வேலை நடக்கக் காவல்துறையைச் சார்ந்திருப்பவர். திருவிழா, ஊர்வலம், ஆக்கிரமிப்பு அகற்றல், தேர்தல் என்று எதற்கும் டி.எஸ்.பி.யோடு சேர்ந்துதான் அவர் நின்றாக வேண்டும். 2023இல் அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில் விசாரணைக்கு அழைத்துச் சென்றவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகப் புகார் எழுந்தபோது முதலில் சேரன்மகாதேவி சார் ஆட்சியர்தான் விசாரித்தார். புகார் சொன்னவர்களில் சிலர் தொடக்கத்திலேயே பின்வாங்கினார்கள். பிறகு சென்னையிலிருந்து மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அனுப்பப்பட்டு, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். புகார் சொன்னவர் அன்றிரவு தூங்கப் போவது அதே காவல் சரகத்துக்குள் இருக்கும் வீட்டில்தான். இதைக் கணக்கில் எடுக்காமல் எந்த விசாரணை முறையையும் வகுக்க முடியாது.

காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. இருக்கும் பாதுகாப்புகளில் இதுதான் வலுவானது. ஆனால் மரணம், காணாமல் போதல், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்கு மட்டுமே இது தொடங்கும். கை உடைந்து மாவுக்கட்டோடு சிறைக்குப் போகிறவருக்கு இது கிடையாது. அவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்ததாக எழுதப்படும் வரியை எந்த நடுவரும் தாமாகத் தேடிப் போய்ச் சோதிப்பதில்லை.

மனித உரிமை ஆணையம் நான்காவது வழி. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 1997 முதல் மாநில ஆணையம் இயங்குகிறது. கிராமத்தவர்கள் நம்பி மனுப் போடும் இடமாக அது வளர்ந்தது. இழப்பீடும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இரண்டு குறைகள் அதன் பிறப்பிலேயே இருந்தன. ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவுக்குக் காவல்துறை ஐ.ஜி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி தலைமை ஏற்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்கே வேலை செய்யும் காவலர்கள் சில ஆண்டு கழித்துத் தங்கள் துறைக்குத் திரும்பப் போகிறவர்கள். அடுத்தது, ஆணையம் பரிந்துரைக்க மட்டுமே முடியும் என்று அரசு நெடுங்காலம் வாதாடிவந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. தமிழகம் பெருமைப்பட்டுக்கொள்ளத் தக்க தீர்ப்பு அது. ஆனாலும் சம்பவம் நடந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது என்ற வரம்பு சட்டத்தில் இருக்கிறது. பயம் தெளிந்து வெளியே வரவே ஓராண்டு பிடிக்கும் மனிதர்களுக்கு இந்த வரம்பு நியாயமானதல்ல.

விசாரணை ஆணையம் என்ற வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடியில் 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு உழைத்து, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022இல் அறிக்கை கொடுத்தது. மனசாட்சியோடு எழுதப்பட்ட அறிக்கை. ஆனால் இத்தகைய ஆணையத்தின் முடிவை அரசு ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். தேசிய மனித உரிமை ஆணையமோ இந்த வழக்கை ஆறு மாதத்துக்குள் முடித்துவைத்துவிட்டது.

கடைசியாக உயர் நீதிமன்றம். நடைமுறையில் தமிழகத்தின் உண்மையான காவல் புகார் ஆணையமாக இருந்துவருவது அதுதான். வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மூன்று துறைகளும் சேர்ந்தே செய்தது என்பதால் மாவட்டத்துக்குள் புகார் சொல்ல ஒரு கதவுகூட மிச்சமில்லை. தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் எழுதிய அறிக்கையும், மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் நடத்திய போராட்டமும் இல்லையென்றால் வழக்கே இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. வந்தது. 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தபோது, அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆட்சியரையும் எஸ்.பி.யையும் வைத்துப் புகார் ஆணையம் அமைக்கும் சட்டத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது. அந்த இரண்டு பதவிகளும் புகாரைக் கேட்க மறுத்த பதவிகளாக ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் நிற்கின்றன.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் குறுக்கே இன்னொரு தடை உண்டு. அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதில் ஒரு நல்லது செய்திருக்கிறது: 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகக் கொள்ளப்படும். ஆனால் அதே சட்டத்தின் 175ஆம் பிரிவு, கடமையின்போது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் அரசு ஊழியர் மீது விசாரணைக்கு உத்தரவிடும் முன் நடுவர் அவருடைய மேலதிகாரியின் அறிக்கையைப் பெற வேண்டும், அவர் தரப்பு விளக்கத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது. களவு வழக்கில் சந்தேகிக்கப்படுபவருக்கு இப்படி முன்கூட்டியே விளக்கம் சொல்லும் வசதி யாரும் கொடுப்பதில்லை. சாட்சியத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள அவகாசம் தரும் பிரிவு இது, திருத்தப்பட வேண்டும்.

காவலில் இருந்தவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் அதைக் காவலரே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் ஊகிக்க இடம் தரும் ஒரு பிரிவைச் சட்ட ஆணையம் 1985இலேயே பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

புகார் ஆணையம் என்ற யோசனை நெருக்கடி நிலை முடிந்த பிறகு பிறந்தது. 1977இல் தரம்வீரா தலைமையில் அமைந்த தேசியக் காவல் ஆணையம், 1979இல் கொடுத்த முதல் அறிக்கையிலேயே காவலர் மீதான புகார்களை எடுத்துக்கொண்டது. காவலில் மரணம், பலத்த காயம், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்குக் கட்டாய நீதி விசாரணை வேண்டும் என்றது. அந்த அறிக்கைகள் அலமாரியில் கிடந்தன. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி பிரகாஷ் சிங் 1996இல் வழக்குத் தொடுத்தார். பத்து ஆண்டு கழித்து 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. ஆறாவது கட்டளை இந்தப் புகார் ஆணையம். மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி, மாவட்டத்துக்கு முன்னாள் மாவட்ட நீதிபதி தலைவராக வேண்டும். தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து அவர்களை எடுக்க வேண்டும். உறுப்பினர்கள் முழுநேரம் பணியாற்ற வேண்டும். களவிசாரணைக்கு ஓய்வுபெற்ற புலனாய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். மாவட்ட ஆணையம் மிரட்டிப் பணம் பறித்தல், நில அபகரிப்பு போன்ற புகார்களையும் விசாரிக்கலாம் என்றும் சொல்லியது. கட்டளையை எழுதியவர்கள் பிரச்சினையைப் புரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

மாநிலங்கள் என்ன செய்தன என்று பார்க்க அமைக்கப்பட்ட நீதிபதி கே.டி. தாமஸ் குழு 2010இல் தன் அதிர்ச்சியைப் பதிவு செய்தது; அவ்வளவு அலட்சியம். சில மாநிலங்கள் அரசாணை போட்டுவிட்டு ஆளைப் போடவில்லை. சில, நீதிபதியைத் தலைவராக்கிவிட்டுப் பணியில் இருக்கும் அதிகாரிகளை உறுப்பினராக்கின. கேரளத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டமே இந்தக் கலப்பு வகைதான். ஆனாலும் அங்கே முன்னாள் நீதிபதி முன்னால் போய் நின்று பேச முடிகிறது. தமிழ்நாட்டின் சட்டம் கட்டளையின் உயிரையே எடுத்துவிட்டது. அந்தச் சட்டப்படிகூட ஆணையங்களை அமைக்க 2019 நவம்பர் வரை அரசாணை வரவில்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் ஓய்வுபெற்ற காவல்துறை ஐ.ஜி. ஒருவரும் இருந்தார்.

அரசாணை வந்து ஏழு மாதத்தில் சாத்தான்குளம் நடந்தது. 2020 ஜூன் 19 மாலை, ஊரடங்கு நேரத்தில் கைபேசிக் கடை தொடர்பாகத் தந்தையை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்; பின்னாலேயே மகனும் போனார். இரவு முழுதும் அடி. தரையில் உருண்டு புரண்டதால் காயம் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அரசு மருத்துவமனை உடல்தகுதிச் சான்று கொடுத்தது. நடுவர் ரிமாண்டு செய்தார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி அதிகாலை தந்தையும் இறந்தார்கள். மருத்துவர், நடுவர் என்று சட்டம் வைத்திருந்த இரண்டு தடுப்புகளையும் காவல்துறை ஒரே பகலில் கடந்துபோய்விட்டது.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்தின் மையம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் 28ஆம் தேதி நிலையத்துக்குப் போனார். கண்காணிப்புக் கேமராவின் பதிவுக் கருவியில் போதுமான இடம் இருந்தும், காட்சிகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. காவலர் ஒருவர் நடுவரையே இழிவாகப் பேசினார். பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் அச்சத்தோடு, ஆனால் உண்மையை விட்டு விலகாமல், அன்றிரவு பார்த்ததைச் சொன்னார். அவர் பேசியிருக்காவிட்டால் என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. நடுவரின் அறிக்கையைப் பார்த்து நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. சாட்சியத்தைக் காப்பாற்ற அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. சட்டப்படி அமைந்த மாவட்டக் காவல் புகார் ஆணையம் இந்த நாட்களில் எந்தப் பங்கும் ஆற்றவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் கேட்டால் காட்சியைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. நல்லதுதான். ஆனால் 2025 ஜூனில் மடப்புரம் காளியம்மன் கோயில் காவலாளி ஒருவர் தனிப்படைக் காவலர்களிடம் அடிபட்டு இறந்தபோது, அவரைக் கேமரா இருக்கும் நிலையத்தில் வைத்து அடிக்கவில்லை. உடற்கூறாய்வில் 44 காயங்கள். ஒருவர் மறைந்திருந்து கைபேசியில் எடுத்த காட்சிதான் மாநிலத்தை உலுக்கியது. ஐந்து ஆண்டில் இரண்டு இடங்களிலும் உண்மையை வெளியே கொண்டுவந்தது தனி மனிதர்களின் துணிச்சல். ஓர் அரசு அமைப்பு செய்ய வேண்டிய வேலை அது.

வெளிநாட்டு அனுபவங்களில் நான் அதிக நேரம் செலவிட விரும்புவது வட அயர்லாந்தில். நம்மைப் போலவே காவல்துறையை மக்களில் ஒரு பெரும் பகுதி நம்பாத இடம் அது. கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்ட்களுக்கும் இடையே முப்பது ஆண்டு ரத்தக்களரி. மாரிஸ் ஹேய்ஸ் 1997இல் கொடுத்த அறிக்கையின்படி, காவல்துறைக்கு வெளியே முழுச் சுதந்திரத்தோடு இயங்கும் குறைகேள் அதிகாரி பதவி உருவாகி, 2000 நவம்பரில் அலுவலகம் திறந்தது. காவலர் மீதான பொதுமக்கள் புகார் எல்லாமே நேராக அங்கே போகும். காவலர் துப்பாக்கியைச் சுட்டாலே தகவல் போய்விட வேண்டும். அலுவலகத்தின் விசாரணையாளர்களுக்குக் காவலருக்கு உள்ள அதிகாரங்கள் உண்டு: சம்பவ இடத்தை மூடி முத்திரையிடலாம், ஆவணத்தைக் கைப்பற்றலாம், காவலரைக் கைதும் செய்யலாம்.

முதல் குறைகேள் அதிகாரி நூலா ஓலோன். 1998இல் 29 உயிர்களைப் பறித்த ஓமா குண்டுவெடிப்பில் முன்கூட்டிக் கிடைத்த தகவல்களைக் காவல்துறை கையாண்ட விதத்தை அவர் 2001இல் கடுமையாக விமர்சித்தார். காவல்துறைத் தலைவர் கொதித்தெழுந்து மறுத்தார். ஆயினும் அலுவலகம் அசையவில்லை. 2007இல் அவர் வெளியிட்ட அறிக்கை, பெல்பாஸ்டின் ஆயுதக் குழு ஒன்றில் இருந்த ஒற்றர்கள் கொலைகளில் ஈடுபட்டது தெரிந்தும் உளவுப் பிரிவினர் அவர்களைக் காப்பாற்றினார்கள் என்று காட்டியது. மகனை இழந்த ஒரு தந்தையின் புகாரில் தொடங்கிய விசாரணை அது. சட்டம் மாறாமலே அந்த அலுவலகம் தளர்ந்த காலமும் உண்டு. 2011இல் ஓலோனுக்கு அடுத்து வந்தவரின் காலத்தில் அதன் சுதந்திரம் குறைந்துவிட்டது என்று ஆய்வறிக்கை சொன்னது. அவர் பதவி விலகினார். அடுத்து வந்தவர் அதை மீட்டெடுத்தார்.

இங்கிலாந்தின் கதை பாதி வெற்றி. 1985இல் அமைந்த புகார் ஆணையம் காவலர்களே செய்த விசாரணையை மேற்பார்வை மட்டும் செய்தது. மக்கள் அதை நம்பவில்லை. கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் கொலையைப் பற்றிய 1999ஆம் ஆண்டு மாக்பெர்சன் அறிக்கைக்குப் பின் 2004இல் புதிய சுதந்திர ஆணையம் வந்தது. அடுத்த ஆண்டே சோதனை: லண்டன் ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில், பயங்கரவாதி என்று தவறாக எண்ணி, பிரேசில் நாட்டு இளைஞரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆணையத்தின் விசாரணையாளர்களை அனுமதிக்க வேண்டாம் என்று லண்டன் காவல்துறை ஆணையர் உள்துறைக்கு எழுதினார். ஆணையம் உள்ளே போகச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் பரவிய தவறான தகவல்களை அழிக்கப் பல ஆண்டு பிடித்தது. சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தும் முதல் நாட்களை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

மலேசியாவில் 2005ஆம் ஆண்டு அரச ஆணையம் சுதந்திரமான புகார் ஆணையத்தைப் பரிந்துரைத்தது. காவல்துறையின் எதிர்ப்பால் அது தள்ளிப்போய், 2023இல் நடைமுறைக்கு வந்தபோது தண்டிக்கும் அதிகாரம் இல்லாத அமைப்பாகச் சுருங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் காவலில் இறந்தவர்களில் மலேசியத் தமிழர்கள் பலர். 2009இல் இறந்த ஓர் இளைஞரின் முதல் உடற்கூறாய்வு நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பம் வற்புறுத்திச் செய்யவைத்த இரண்டாம் ஆய்வுதான் அடிபட்டு இறந்ததைச் சொன்னது.

இலங்கை கற்பிக்கும் பாடம் வேறு வகை. 2001இல் 17ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தேசிய காவல்துறை ஆணைக்குழுவை உருவாக்கி, பொதுமக்கள் முறைப்பாடுகளை விசாரிக்கும் பொறுப்பையும் கொடுத்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதன் பற்களைப் பிடுங்கியது. 2015இல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது. 2020இல் 20ஆவது மறுபடி எடுத்துக்கொண்டது. மக்கள் எழுச்சிக்குப் பின் 2022இல் 21ஆவது மறுபடி கொடுத்தது. ஆட்சியாளரின் விருப்பப்படி அரசியலமைப்பில் ஏறி இறங்கும் அமைப்பில் எந்த ஊழியர் துணிந்து வேலை செய்வார்? 2023 டிசம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் படைவீரர் ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில் மூத்த அதிகாரி தேசபந்து தென்னகோனைப் பொறுப்பாளியாக்கி, ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இரண்டு மாதம் கழித்து அவரையே பொலிஸ் மா அதிபராக நியமித்தார்கள். 2024 ஜூலையில் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. சித்திரவதைக்குப் பொறுப்பு என்று தீர்ப்புப் பெற்றவர் பதவியை விட்டு இறங்க முழு நாடாளுமன்றமும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

இனி, காவல்துறைத் தரப்பில் சொல்லப்படுவதை மதித்துக் கேட்க வேண்டும். பொய்ப் புகார்கள் வரும் என்கிறார்கள். வரும். ரௌடிகளும் வழக்கை முடக்க நினைப்பவர்களும் புகாரை ஆயுதமாக எடுப்பார்கள். வட அயர்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 புகார்கள் வருகின்றன, பெரும்பாலானவை நிரூபணமாவதில்லை. ஆனால் வெளியார் விசாரித்துக் குற்றமற்றவர் என்று சொல்லப்பட்ட காவலர், ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்கிறார். எஸ்.பி. அலுவலகம் கொடுக்கும் நற்சான்றை யாரும் நம்புவதில்லை. அதனால் நேர்மையான காவலரும் சந்தேகத்தோடே வாழ்கிறார்.

இப்போதைய முறை கீழ்நிலைக் காவலருக்கும் நியாயம் செய்வதில்லை. பத்திரிகையில் செய்தி வந்தால் இரண்டு கான்ஸ்டபிளை ஆயுதப்படைக்கு மாற்றுவார்கள் அல்லது சஸ்பெண்டு செய்வார்கள். சத்தம் அடங்கியதும் திரும்பி வருவார்கள். ‘எப்படியாவது கேஸை முடி’ என்று வாய்மொழியாக உத்தரவிட்டவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. பதினாறு மணி நேர வேலையும், அதிகாரி வீட்டு ஆர்டர்லி வேலையும், விடுப்பு மறுப்பும் பற்றிக் காவலர் முறையிட இடமில்லை. அரசின் அனுமதியில்லாமல் சங்கம் வைக்கவும் சட்டம் விடாது. சக காவலர் கைதியை அடிப்பதைப் பார்த்துப் பதறும் காவலர் யாரிடம் சொல்வது? சாத்தான்குளத்தில் உண்மை சொன்ன தலைமைக் காவலரின் வீட்டுக்கே பாதுகாப்புப் போட வேண்டியிருந்தது. சுதந்திரமான ஆணையம் காவலரின் புகாரையும் பெயர் வெளியிடாமல் வாங்க வேண்டும். இதைச் செய்தால் காவல் நிலையங்களுக்குள்ளிருந்தே முதல் தகவல் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணம் எங்கே என்ற கேள்வியும் வரும். 38 மாவட்டங்களிலும் தனித்தனி அலுவலகம் தொடக்கத்திலேயே வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவைத் திருத்தி, தலைமை நீதிபதியின் பட்டியலிலிருந்து எடுத்த முன்னாள் நீதிபதியைத் தலைவராக்கி, சென்னை, திருச்சி, கோவை, மதுரை, திருநெல்வேலி ஆகிய ஐந்து ஊர்களில் களக்குழு வைத்தால் போதும். குழுவில் மத்தியப் புலனாய்வில் ஓய்வுபெற்றவர்கள், தடயவியலாளர், உடற்கூறியல் மருத்துவர், பாதிக்கப்பட்டோரோடு பேசப் பழகிய ஒரு பெண் வழக்கறிஞர் இருக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறைக்குத் திரும்பிப் போகக்கூடிய யாரும் இருக்கக் கூடாது. நிலையத்தின் பொதுக்குறிப்பேடு, கேமராப் பதிவு, ஜீப்பின் பயணப் பதிவு ஆகியவற்றை அன்றே கைப்பற்றும் அதிகாரம் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். புகார் வரும்வரை காத்திருக்காமல், சிறைக்குள் எடுக்கும்போது கைதியின் உடலில் காயம் குறிக்கப்பட்டாலே குழுவுக்குத் தானாகத் தகவல் போக வேண்டும்.

கோவில்பட்டிக் கிளைச் சிறையின் பதிவேட்டில் 2020 ஜூன் 20 அன்றே இருவரின் காயங்களும் குறிக்கப்பட்டிருந்தன. அவர்கள் இறந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும்.